வலிக்காத நோயும் வைத்தியநாதரும்

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு ஆண்டாளும் கோபுரமும் பால்கோவாவும்தான் நினைவுக்கு வரும். அதே ஊரின் மடவார் வளாகத்தில் சிவன் வைத்தியநாத சுவாமியாக வீற்றிருக்கிறார். 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கர் தீராத வயிற்று நோயோடு இங்கே வந்து தங்கி, வழிபட்டுக் குணமடைந்தார் என்பது தலத்தின் நம்பிக்கை. இதே போக்கில் நடப்பதுதான் திருவதிகைக் கதையும். சமணத்தில் தருமசேனராக இருந்த மருணீக்கியார் சூலை நோய் தாங்காமல் தமக்கை திலகவதியாரிடம் ஓடி வந்து, திருநீறு பெற்று, நாம் அறிந்த அப்பர் ஆகிறார். இரண்டிலும் வரிசை ஒன்றே: முதலில் வலி, பிறகு தேடல், பிறகு அருள். நோயைப் பற்றி நம் சமய மரபு யோசித்ததில் பெரும்பகுதி வலியைப் பற்றி யோசித்ததுதான். வலி வந்தவன் தன் இயலாமையை உணர்கிறான், உணர்ந்தவன் கும்பிடுகிறான். அப்படியானால், பத்துப் பதினைந்து ஆண்டுகள் உடம்புக்குள் இருந்தும் ஒரு நாள்கூட வலிக்காத நோயில் கடவுளின் அழைப்பு எங்கே இருக்கிறது? மனிதனின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது? சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சேர்ந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும் விதம் இந்தக் கேள்வியைத் தள்ளிப்போட முடியாததாக ஆக்குகிறது. 2023-ல் வெளியான நாடு தழுவிய ஆய்வு ஒன்று இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், வயது வந்தோரில் 35.5 சதவீதம் பேருக்கு இரத்தக் கொதிப்பு இருப்பதாகவும் கணித்தது. மூன்றில் ஒருவருக்கு மேல் என்றால் அது எல்லா வீட்டுக்கும் உரிய கேள்வி.

உள்ளே நடப்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் என் வாதம் முழுக்க அதன்மேல்தான் நிற்கிறது. இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சுமார் 10 லட்சம் நுண்ணிய இரத்தநாள முடிச்சுகள் உண்டு. அவை எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 180 லிட்டர் திரவத்தை வடிக்கின்றன. அதில் ஒன்றரை, இரண்டு லிட்டர் போக மிச்சத்தை உடம்பு திரும்ப எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொரு முடிச்சுக்கும் இரத்தம் வர ஒரு நாளம், வெளியேற ஒரு நாளம். வெளியே இரத்த அழுத்தம் ஏறினால் உள்ளே வரும் நாளம் சுருங்கி, முடிச்சுக்குள் அழுத்தம் ஏறாமல் பார்த்துக்கொள்ளும். இது சிறுநீரகத்துக்கு இயற்கை கொடுத்த காவல். சர்க்கரை நோய் முதலில் குலைப்பது இந்தக் காவலைத்தான். இரத்தத்தில் சர்க்கரை நீடித்து மிகுந்தால் அந்த நாளம் விரிந்தே இருக்கப் பழகிவிடுகிறது. அதன் பிறகு உடம்பில் ஏறும் அழுத்தமெல்லாம் அப்படியே அந்த மெல்லிய முடிச்சின்மேல் விழுகிறது. ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் சத்திரப்பட்டித் தறிகளில் காயத்துக்குக் கட்டும் காஸ் துணி நெய்கிறார்கள். அதை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தால் இழைகள் விலகி இடைவெளி பெரிதாவதைப் போல, இந்த வடிகட்டியும் இளகி, தங்கவேண்டிய புரதத்தை விட்டுவிடத் தொடங்குகிறது. வெளிப்புறம் நின்று அதைத் தாங்கும் செல்கள் செத்தால் மறுபடி முளைப்பது அநேகமாக இல்லை. சில முடிச்சுகள் தழும்பாகிப் போனதும் மீந்தவற்றின்மேல் சுமை கூடுகிறது. பாதிக்கப்பட்ட சிறுநீரகம் உப்பைத் தேக்கி வைப்பதால் இரத்த அழுத்தம் மேலும் ஏறுகிறது. சர்க்கரை கொதிப்புக்கு வழிவிட, கொதிப்பு சிறுநீரகத்தைக் கெடுக்க, கெட்ட சிறுநீரகம் கொதிப்பை ஏற்றுகிறது. இத்தனையும் நடக்கும்போது அந்த மனிதர் வழக்கம்போல மில்லுக்குப் போகிறார், வயலுக்குப் போகிறார், பிரதோஷத்துக்குக் கோயிலுக்குப் போகிறார்.

இன்னொரு விஷயம் இதைவிடக் கடினமானது. சர்க்கரை நோயின் தொடக்கத்தில் சிறுநீரகம் வழக்கத்தைவிட அதிகமாகவே வடிக்கிறது. ஆகவே இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தால் நன்றாக இருப்பதாகத்தான் தெரியும். அந்த எண் சந்தேகப்படும் அளவுக்கு ஏறும்போது வடிக்கும் திறனில் பாதி போயிருக்கும். கால் வீக்கம், முகம் உப்புவது, மூச்சு வாங்குவது, உணவில் வெறுப்பு எல்லாம் அதற்கும் பிந்தித்தான். முன்கூட்டியே காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் ஆல்புமின் என்ற புரதம். 1827-ல் லண்டன் கைஸ் மருத்துவமனையின் ரிச்சர்ட் பிரைட், நோயாளியின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரில் காட்டி, வெள்ளையாகத் திரளும் புரதத்துக்கும் கெட்டுப்போன சிறுநீரகத்துக்கும் உள்ள உறவைச் சொன்னார். அவர் கண்டது முற்றிய நிலை. இன்று ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராம் என்ற சின்னக் கசிவையே அளக்கலாம். அந்தச் சின்னக் கசிவு வரப்போகும் பெரிய சேதத்தின் முன்னறிவிப்பு என்பது 1980-களிலேயே தெளிவாகிவிட்டது. சிறுநீரைப் பார்த்து உடம்பை அறிவது நமக்கு அந்நியமும் அல்ல. தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் சித்த மருத்துவத்தில் உண்டு. விடியற்காலைச் சிறுநீரில் நல்லெண்ணெய் ஒரு சொட்டு விட்டு அது பரவும் வடிவத்தை வைத்தியர் படித்தார். அந்த முறையால் இந்தப் புரதக் கசிவைக் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் நோயாளி சொல்வதோடு நிற்காமல், அவர் உணராததையும் உடம்பிடம் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணில் பழையது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். வலிக்காத நோயில் தேடிப் பார்ப்பதே வழிபாட்டின் பகுதி. வலி வரும்வரை காத்திருப்பதைப் பக்தி என்று சொல்ல முடியாது. சைவ சித்தாந்தம் உடம்பைச் சுமையாக மட்டும் கருதவில்லை. ஆணவ இருளில் கிடக்கும் உயிர் தன்னை அறிய வேண்டும் என்பதற்காக இறைவன் மாயையிலிருந்து தனு (உடம்பு), கரணம் (மனம் முதலிய கருவிகள்), புவனம் (உலகம்), போகம் (நுகர்பொருள்) என்ற நான்கையும் கூட்டித் தருகிறான் என்பது அதன் கொள்கை. உடம்பு அருளால் வந்த கருவி. திருமூலர் மரபும் உடம்பை இகழ்ந்த பார்வையிலிருந்து திரும்பி, அதைப் பேணுவதை உயிரைப் பேணுவதாகவே கொண்டது. கருவியைக் கொடுத்தவனிடம் நன்றி இருக்கிறது என்றால், அது எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும் கடமையும் அதோடு வருகிறது. அந்த நிலையை வலி சொல்லாது என்று இப்போது நமக்குத் தெரியும். நம் பாட்டன்மார்களுக்குத் தெரியாது, அவர்கள்மேல் குற்றமில்லை. தெரிந்த பிறகு தெரியாதவர்போல் இருப்பதுதான் வேறு வகை.

இதற்கு எதிராக முதலில் எழுவது வினை. வந்தது பிராரத்தம், அனுபவித்துத்தான் தீர வேண்டும், சோதனை எடுத்து என்ன ஆகப்போகிறது என்று பலர் சொல்வதைக் கேட்கலாம். இதற்கான பதில் தேவாரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஞானசம்பந்தர் அடியாரோடு கொங்கு நாட்டில் இன்றைய திருச்செங்கோட்டில் தங்கியிருந்தபோது, உடனிருந்தவர்களைக் குளிர்சுரம் பற்றியது. இந்த நாட்டுக்கு இந்தப் பருவத்தில் இது இயல்பு என்று அவர்கள் சொல்லிக்கொண்டார்கள். அங்கே அவர் பாடியது திருநீலகண்டப் பதிகம். முன் செய்ததற்கு இப்போது இது என்று பேசத் தெரிந்த நீங்கள், தப்பிக்கும் வழியைத் தேடாமல் இருப்பது உங்கள் குறைபாடு அல்லவா என்பதுதான் அதன் தொடக்கப் பாட்டின் பொருள். அவர் வினையை மறுக்கவில்லை. வினையைக் காரணம் காட்டிக் கைகட்டி இருப்பதைத்தான் கண்டிக்கிறார். அவர் கண்ட வழி பதிகம்தானே, மாத்திரை அல்லவே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அவர் காலத்தில் அவர் கையில் இருந்தது அது. அந்தப் பாட்டின் தருக்கம் வழி எது என்பதைப் பற்றியதாக இல்லாமல், தேடாமையைப் பற்றியதாகவே இருக்கிறது. வழி ஒன்று கண் முன்னால் இருக்கும்போது அந்தக் கண்டனம் இன்னும் கூர்மையாகிறது. சித்தாந்தக் கணக்கிலும் பழைய வினை நோயைத் தந்திருக்கலாம்; அதைக் கண்டும் பேணாமல் விட்டது ஆகாமியம், புதிதாகச் சேர்த்த வினை.

அடுத்தது நம்பிக்கையைப் பற்றியது. ஒன்றும் இல்லாதபோது போய்ச் சோதிப்பது இறைவனைச் சந்தேகிப்பது ஆகாதா? மடவார் வளாகத்தின் இன்னொரு கதை இங்கே உதவுகிறது. பிரசவத்துக்குத் தாய் வந்து சேராத நிலையில், தனியே புறப்பட்டு வழியில் வலி கண்ட ஒரு பெண்ணுக்குச் சிவனே தாயாக வந்து பேறு பார்த்தார் என்று தலபுராணம் சொல்கிறது. பேறுகாலத்தைச் சுவாமியே கவனித்துக்கொள்வார் என்று நம்பும் இதே ஊர்ப் பெண்கள் இன்று கர்ப்பம் தெரிந்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார்கள். ஒவ்வொரு தடவையும் அங்கே செவிலியர் பார்ப்பதில் முக்கியமானவை இரண்டு: பிரஷர், சிறுநீரில் உப்பு. அந்த ‘உப்பு’ என்று சொல்லப்படுவது இதே புரதம்தான். கர்ப்பகாலக் கொதிப்பு தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்தாகும் முன்பே அதைப் பிடிக்க வேண்டும் என்பதற்காக, எந்த வலியும் இல்லாத பெண்ணிடம் இந்தச் சோதனை செய்யப்படுகிறது. வளைகாப்பு நடத்தும் குடும்பம் எதுவும் இதை அவநம்பிக்கை என்று நினைப்பதில்லை. கோயிலுக்கு வேண்டிக்கொள்வதும் ‘அட்டை’ எடுத்துக்கொண்டு செக்கப்புக்குப் போவதும் ஒரே அக்கறையின் இரண்டு வேலைகளாக நடக்கின்றன. கர்ப்பிணிக்குப் பொருந்தும் நியாயம் 45 வயது ஆணுக்கு ஏன் பொருந்தாது என்பதற்கு எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை. பிள்ளைத்தாய்ச்சியின் உடம்பை எல்லாரும் ஒப்படைக்கப்பட்ட பொருளாகப் பார்க்கிறோம். சம்பாதிக்கும் ஆணின் உடம்பை அப்படிப் பார்க்கப் பழகவில்லை, அவ்வளவுதான்.

நேர்த்திக்கடன்களைப் பற்றியும் பேசியே ஆக வேண்டும். நீடாமங்கலம் பக்கம் கோயில்வெண்ணியில் கரும்பேஸ்வரர் சன்னதியில் ரவையும் சர்க்கரையும் கலந்து எறும்புக்குப் போடுகிறார்கள். எறும்பு தின்னத் தின்ன உடம்பின் சர்க்கரை குறையும் என்பது நம்பிக்கை. திருச்சி மாவட்டம் ஊட்டத்தூரில் சிறுநீரக நோய்க்காக வேண்டி நடராசருக்கு வெட்டிவேர் மாலை சாத்துகிறார்கள். இவற்றைக் கேலி பேச எனக்கு மனமில்லை. நோய் தரும் தனிமையில் ஒரு சன்னதி கொடுக்கும் தைரியம் சின்ன விஷயமே அல்ல. ஓர் எச்சரிக்கையை மட்டும் சொல்லாமல் இருக்க முடியாது. உடம்பில் இன்சுலினைச் சிதைத்து அகற்றும் வேலையில் ஒரு பங்கு சிறுநீரகத்துடையது. சிறுநீரகம் முற்றிக் கெடும்போது இன்சுலின் இரத்தத்தில் அதிக நேரம் தங்குகிறது. பல ஆண்டுகளாக 250, 300 என்று இருந்த சர்க்கரை தானாக இறங்கி வருகிறது, மாத்திரையைக் குறைக்க வேண்டியிருக்கிறது. வேண்டுதல் பலித்தது, அல்லது யாரோ கொடுத்த மூலிகைப் பொடி வேலை செய்தது என்று குடும்பமே மகிழ்ந்துபோகும் தருணம், சிறுநீரகம் கைவிட்ட தருணமாக இருக்கலாம். பொடியிலும் ஆபத்து உண்டு. ஆடுதின்னாப்பாளை இனத்தில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை நிரந்தரமாகத் தழும்பாக்குவது பெல்ஜியத்தில் 1990-களின் தொடக்கத்தில் உடல் இளைக்க மூலிகை சாப்பிட்ட பெண்கள் வழியாக உலகத்துக்குத் தெரிந்தது. மூட்டுவலிக்குக் கடையில் வாங்கிப் போடும் வலிமாத்திரைகளும் ஏற்கெனவே பழுதான சிறுநீரகத்தை இன்னும் கெடுப்பவை. எறும்புக்கு ரவை போடுபவர் போடட்டும். அதே வாரம் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளட்டும். அருளை நன்றியோடு ஏற்பவர் அது அருள்தானா என்று பார்ப்பதில் குறையேதும் இல்லை.

தெரியாமல் இருந்தால் நிம்மதியாவது மிஞ்சும் என்பது இன்னொரு வாதம். ‘டெஸ்ட் எடுக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருந்தேன்’ என்ற பேச்சில் உண்மை இல்லாமல் இல்லை. எண்களையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு இட்லிக்கும் கணக்குப் போட்டு வாழ்வது ஒரு வகைச் சிறைதான். எண்பது வயதுக்காரருக்குச் சற்றுக் குறைந்த வடிதிறனைக் காட்டிப் பயமுறுத்துவதும் தப்பு. வயது ஏற ஏற அது எல்லாருக்கும் குறைகிறது. ஆனால் இங்கே கேட்கப்படுவது ஆண்டுக்கு ஓரிரு முறை சிறுநீர்ச் சோதனை, ஒரு கிரியேட்டினின், அவ்வப்போது பிரஷர். அவை தரும் அறிவுக்குப் பயன் இருக்கிறது என்பதுதான் முக்கியம். எதுவும் செய்ய முடியாத ஒன்றைத் தெரிந்துகொள்வது வேதனை. செய்ய முடிகிற ஒன்றைத் தெரிந்துகொள்ளாமல் இருப்பது வேறு. முடிச்சிலிருந்து வெளியேறும் நாளத்தைத் தளர்த்தி உள்ளழுத்தத்தைக் குறைக்கும் கேப்டோபிரில் சர்க்கரை நோயாளியின் சிறுநீரகத்தைக் காக்கிறது என்று 1993-லும், லோசார்ட்டான் காக்கிறது என்று 2001-லும் நிரூபணமானது. 2019-க்குப் பிறகு சர்க்கரையைச் சிறுநீர் வழியே வெளியேற்றும் புதிய மாத்திரைகளும் விரிந்துகிடந்த அந்த நாளத்தைப் பழைய நிலைக்குச் சுருக்கி, சேதத்தைத் தாமதப்படுத்துகின்றன. அவற்றில் டாபாகிளிஃப்ளோசினின் காப்புரிமை இந்தியாவில் 2020-ல் முடிந்து விலை இறங்கியது. சீக்கிரம் பிடித்தால் டயாலிசிஸைப் பல ஆண்டுகள் தள்ளலாம், பலருக்கு வராமலே தடுக்கலாம். வாரம் இரண்டு மூன்று நாள், தடவைக்கு நான்கு மணி நேரம் இயந்திரத்தோடு கட்டுண்டு கிடப்பதுதான் மறுபக்கம். அந்த நிம்மதிக்கு இவ்வளவு விலை என்பதை அறிந்து ஒருவர் அதைத் தேர்ந்தால் அவர் உரிமை. அறியாமல் தேர்வதைத் தேர்வு என்று சொல்ல முடியாது.

எனக்கே கனமாகப் படும் ஆட்சேபம் இனித்தான் வருகிறது. இப்படிப் பேசிப் பேசி நோயாளியைக் குற்றவாளி ஆக்குகிறோமா? முன்பு போன பிறவி வினை என்றார்கள். இப்போது வாயைக் கட்டவில்லை, நடக்கவில்லை, மாத்திரை போடவில்லை என்கிறோம். பிறவி மாறியதே தவிர நீதி மாறவில்லை. ராஜபாளையத்து நூற்பு மில்லில் வாரம் ஒரு ஷிப்ட் மாறி உழைக்கும் பெண்ணுக்குச் சாப்பாட்டு நேரமும் தூக்கமும் அவள் கையில் இல்லை. சுட்டெரிக்கும் வெயிலில் தண்ணீர்கூடச் சரியாகக் குடிக்காமல் வேலை செய்யும் விவசாயக் கூலிகளிடம், சர்க்கரையும் கொதிப்பும் இல்லாமலே சிறுநீரகம் கெட்டிருப்பதும் தமிழ்நாட்டில் கண்டறியப்பட்டிருக்கிறது. ஆகவே ‘தேடிப் பார்’ என்ற கட்டளையைத் தனி மனிதன் தலையில் மட்டும் வைப்பது அறம் ஆகாது. சம்பந்தரும் தம் சுரத்துக்காகப் பாடவில்லை, உடனிருந்தவர்களுக்காகப் பாடினார். சென்னைச் சிறுநீரக மருத்துவர் எம்.கே. மணி, கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் வழியாக ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துக் கிராமங்களில் 1990-களின் பிற்பகுதியில் தொடங்கிய வேலை இதற்குச் சான்று. சுமார் 25,000 பேர் வாழும் பகுதி. பள்ளிப்படிப்பு முடித்த உள்ளூர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். பிரஷர் பார்த்து, சிறுநீரில் சல்போசாலிசிலிக் அமிலம் சில சொட்டு விடுவார்கள். புரதம் இருந்தால் பால் கலந்ததுபோல் கலங்கும். பெனடிக்ட் கரைசலோடு சூடாக்கினால் சர்க்கரை இருப்பவருடையது நீலத்திலிருந்து பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறும். ரிசர்பின், தியசைடு, கிளிபென்கிளமைடு, மெட்பார்மின் என்று மிக மலிவான பழைய மாத்திரைகளே மருந்து. கொதிப்பு இருந்தவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அது கட்டுக்குள் வந்தது, சர்க்கரை பாதிப் பேருக்காவது. ஆளுக்கு ஆண்டுச் செலவு சொற்பம். 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ இதே நியாயத்தை அரசின் அளவில் எடுத்துக்கொண்டு, சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. மாத்திரை வந்துவிடுகிறது, சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்ற கேள்வியும் அதோடு ஒவ்வொரு வாசலுக்கும் வர வேண்டும்.

கோயிலுக்கும் இதில் இடம் இருக்கிறது என்று நினைக்கிறேன். கோயிலை ஆஸ்பத்திரி ஆக்குவதா என்று கேட்பவர்கள், காஞ்சிபுரத்தை அடுத்த திருமுக்கூடல் பெருமாள் கோயில் கல்வெட்டைப் பார்க்கலாம். 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் அந்தக் கோயிலோடு சேர்ந்து 15 படுக்கைகள் கொண்ட ஆதுலசாலை நடந்தது. மருத்துவர், அறுவைச் சிகிச்சை செய்பவர், பணிப்பெண்கள், அங்கே இருப்பில் வைத்த மருந்துகள் என்று எல்லாம் கல்லில் இருக்கிறது. நாயக்கரின் கதையிலும் குணமானதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பூசை முடிந்த செய்தியை மதுரைக்கு எட்டவைக்க வழிநெடுக முரசு மண்டபங்கள் கட்டி, அந்த ஒலி கேட்ட பிறகே அவர் தினமும் சாப்பிட்டார் என்று சொல்கிறார்கள். நன்றி அவருக்குத் தினசரிக் கட்டுப்பாடாக ஆனது. மடவார் வளாகத்தில் பிரதோஷத்துக்குக் கூடுகிறவர்களில் நாற்பதைத் தாண்டியவர்களே அதிகம் இருப்பார்கள். அன்று வெளிப்பிரகாரத்தில் ஒரு மேசை, ஒரு பிரஷர் கருவி, சிறுநீர்ச் சோதனைக் குச்சிகள், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து ஒரு செவிலியர் இருந்தால் போதும். அறநிலையத் துறை பெரிய கோயில்கள் சிலவற்றில் மருத்துவ மையமே நடத்துகிறது. இது அதைவிட எளிது. ஒரு நோட்டு மட்டும் கட்டாயம் வேண்டும். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ கடுமையான உடலுழைப்போ இருந்தால் அன்றைக்கு மட்டும் புரதம் தெரியலாம் என்பதால், ஒரு தடவை பார்த்ததை வைத்து யாரையும் நோயாளி என்று எழுதிவிடக் கூடாது. மூன்று மாதத்துக்குள் இன்னும் இரண்டு முறை பார்த்து, மூன்றில் இரண்டு தடவை இருந்தால்தான் மருத்துவரிடம் அனுப்பி மாத்திரையை மாற்றச் சொல்ல வேண்டும். அடுத்த பிரதோஷத்துக்கு வராமல் போனவரை யார் போய்ப் பார்ப்பது என்பதையும் அந்த நோட்டிலேயே எழுதி வைக்க வேண்டும்.